கோயம்புத்தூரிலிருந்து நான்கு பேர்

3-3-2008, திங்கள். இன்றைய தவறு: வெங்கிடராமன் சாரின் மசாலாக் கடைத் தளத்தில், சர்வரில் என்னென்ன ஏற்றியிருக்கிறது என்று காட்டும் சோதனைப் பக்கம் ஒன்று போட்டேன். பார்த்து முடித்ததும் அழிக்க மறந்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அது திறந்து கிடந்திருக்கிறது. மஞ்சுஷா பார்த்து அழித்துவிட்டாள். சென்டர் சாரிடம் சொல்லவில்லை. சின்னத் தவறுதான். ஆனாலும் பார்த்தது அவள். நாளைய வேலை: அதே தளத்தின் நகலை லேப் கம்ப்யூட்டரில் ஏற்றி, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சோதிப்பது.

'பார்த்தது அவள்' என்ற வரியை அடித்துவிடலாமா என்று பாக்கியலக்ஷ்மி யோசித்தாள். டைரியில் எதையும் அடிப்பதில்லை என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். அடிக்காமல் மூடி வைத்தாள்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா முத்துவேல் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்குக் கொச்சிக்கு வந்து, தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டி ஏற்றுகிறவர். பாக்கியலக்ஷ்மி விடியுமுன் தொடங்கிப் பகல் முழுக்க அங்கேயே ஒரு ஐஸ் கம்பெனியில் வண்டிகளுக்கு டோக்கன் எழுதினாள். சாயங்காலம் கைகளை எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு மட்டாஞ்சேரிக்கு பஸ் ஏறுவாள். பஜார் ரோட்டில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது கம்ப்யூட்டர் சென்டர். எத்தனை தேய்த்தாலும் கையில் மீன் வாசம் லேசாக இருக்கும் என்பது அவள் எண்ணம். கீழே மூட்டை மூட்டையாகக் கிடந்த சுக்கின் காரத்தில் வேறு எந்த வாசமும் ஒருவர் மூக்குக்கும் எட்டாது என்பது மற்றவர்களுக்குத் தெரியும்.

சென்டரை நடத்திய வெங்கிடாசலம் சார் பாலக்காட்டுக்காரர். பாடம் மாலையில்தான். பகலில் அவர் கடைக்காரர்களுக்கும், வீட்டு அறைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் இணையதளம் போட்டுக் கொடுத்தார். அப்படி இருபது தளங்கள் ஒரே சர்வரில், தளங்களை எழுதும் பிஹெச்பி மொழியின் நாலாம் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நாலின் காலம் முடிந்துவிட்டது என்று அதைச் செய்தவர்களே போன வருஷம் அறிவித்துவிட்டார்கள். ஆகஸ்டுக்குப் பிறகு ஓட்டை விழுந்தால் அடைக்கக்கூட ஆள் இல்லை. புதிதாக வருகிற மென்பொருளெல்லாம் ஐந்து இருந்தால்தான் வருவேன் என்று அடம்பிடித்தது. சார் சர்வரில் நாலையும் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார். எந்தத் தளம் எதில் ஓடவேண்டும் என்று அந்தத் தளத்தின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சொல்லும். வரியை மாற்றுவது எளிது. மாற்றியபின் தளம் தடுமாறாமல் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

"ஆளுக்குப் பத்து," என்றார் சார், பாக்கியலக்ஷ்மியையும் மஞ்சுஷாவையும் முன்னால் நிறுத்தி. "விஷு கழிஞ்சா சர்வரைப் பாத்துக்கறதுக்கு எனக்கு ஒரு ஆள் ஸ்திரமா வேணும். ஒரே ஒரு ஆள்தான். புரிஞ்சுதோ? யாரோட பத்துல கஸ்டமர் கம்ப்ளெய்ண்ட் வராம இருக்கோ, அவா. வேற பரீட்சை ஒண்ணும் கெடையாது."

பாக்கியலக்ஷ்மி அந்த நிமிஷமே மனதுக்குள் கணக்குப் போட்டாள். அந்த வேலை கிடைத்தால் விடிவதற்கு முன்னால் துறைமுகத்தில் நிற்க வேண்டாம். செல்லதுரை அண்ணாச்சியின் வாயில் விழவேண்டாம். ஐஸ் கம்பெனி மேற்பார்வையாளரான செல்லதுரை அண்ணாச்சி, டோக்கன் ஒன்று இடம் மாறினால் ஊருக்கே கேட்கும்படி கத்துவார். அவரைப் பற்றிப் புலம்பாமல் அவள் சென்டரின் படியேறிய நாளே இல்லை. புலம்பலைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரவைத்துக்கொள்கிறவள் மஞ்சுஷா.

அங்கேதான் சிக்கல். மஞ்சுஷா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் பொறாமைப்பட வசதியாக இருந்திருக்கும்.

மஞ்சுஷாவின் தாத்தா காலத்திலேயே அவர்கள் குடும்பம் கொச்சி முனிசிபாலிட்டி வேலைக்கு வந்து சுள்ளிக்கலில் தங்கிவிட்டது. அப்பா பாண்டியராஜும் முனிசிபாலிட்டியில்தான். வீட்டில் தமிழ் பேசினாலும் மஞ்சுஷாவுக்குத் தமிழ் எழுத வராது. மலையாளம் தண்ணீர் மாதிரி ஓடும். கஸ்டமர் போன் செய்தால் "அய்யோ சேட்டா, அது ஒரு மிடுக்கன் சைட்டல்லே" என்று அவள் தொடங்கும்போதே அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். பாக்கியலக்ஷ்மி போனை எடுத்தால் முதலில் மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டவேண்டும், பிறகு சரிபார்க்கவேண்டும், அதற்குள் அந்தப் பக்கம் இரண்டு முறை ஹலோ சொல்லியிருப்பார்கள். மஞ்சுஷா கீபோர்டைப் பார்க்காமலே தட்டுவாள். தட்டிக்கொண்டே பேசுவாள். பேசிக்கொண்டே முறுக்குத் தின்பாள். நெய் விரல் பட்ட கீபோர்டை அடுத்த நாள் துணி வைத்துத் துடைப்பது பாக்கியலக்ஷ்மி.

தளங்களைப் பிரித்துக் கொடுத்த வாரத்தில் புதன்கிழமையே மஞ்சுஷா தன் பத்தையும் ஐந்துக்கு மாற்றிவிட்டாள். பத்துக் கோப்பு, பத்து வரி. உடனே மூன்று தளங்கள் வெள்ளைத் தாளாக நின்றன. "அய்யே!" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து, பிழையைப் படித்து, வகுப்பு முடிவதற்குள் மூன்றையும் எழுப்பிவிட்டாள்.

"பலே," என்றார் சார். "கொழந்தைக்குக் கை நன்னா ஓடறது."

அதே மாலையில் பாக்கியலக்ஷ்மி மசாலாக் கடைத் தளத்தின் நகலில் நாலாவது பக்கத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள். சார் அவள் பின்னால் வந்து நின்று, கொஞ்சம் பார்த்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போனார். நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

வகுப்பு விட்டதும் இருவரும் வழக்கம்போல் முக்குக் கடையில், வாழைப்பழ பஜ்ஜி மாதிரியான பழம்பொரியோடு சாயா குடித்தார்கள்.

"எடீ பாக்கியம், நீ எத்தனை முடிச்சே?"

"ஒண்ணு. முடியல, முடிக்கப்போறேன்."

"நீ ரொம்பப் பேடிக்கற, பயந்து சாகற. மாத்து. ஒடைஞ்சா சரியாக்கலாம். ஒடையாத முன்னாடியே எதுக்குத் தேடிட்டு இருக்கே?"

"கஸ்டமர் பாக்கறதுக்கு முந்தி நாம பாக்கணும்லா."

"கஸ்டமர் பாத்தா நம்மள விளிப்பாங்க. நம்மளும் ஒரு குசலம் கேக்கலாம்," என்று மஞ்சுஷா பாக்கியலக்ஷ்மியின் பழம்பொரியிலிருந்து ஒரு துண்டு பிய்த்துக்கொண்டாள். அவளுக்குக் கேட்டு எடுக்கத் தெரியாது. கேட்டிருந்தாலும் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

அன்றிரவு டைரியில் பாக்கியலக்ஷ்மி எழுதினாள்: இன்றைய தவறு: பிறர் வேலையைப் பார்த்துக்கொண்டு என் வேலையில் அரைமணி நேரம் வீணாக்கினேன். நாளைய வேலை: ஐந்தாவது பக்கம்.

அடுத்த வாரம் மசாலாக் கடைத் தளத்தில் ஒரு விசித்திரம் தெரிந்தது. வாடிக்கையாளர் விசாரணை எழுதி அனுப்பும் படிவம் ஐந்தில் அழகாகத் திறந்தது. அனுப்பினால் நன்றி என்றது. போய்ச் சேர்ந்த மெயிலில் மட்டும் பெயர் இல்லை, ஊர் இல்லை, எத்தனை கிலோ மிளகு என்பதும் இல்லை. வெறும் கோடுகள் மட்டும் இருந்தன. படிவத்தில் எழுதுவதெல்லாம் நாலில் கேட்காமலே கைக்கு வந்து விழும், அப்படித்தான் பழைய ஆட்கள் எழுதி வைத்திருந்தார்கள். ஐந்தில் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கவேண்டும். நாலுக்காகக் கோப்பில் எழுதியிருந்த அனுமதியை ஐந்து கண்டுகொள்ளவே இல்லை. பிழை என்றுகூடச் சொல்லவில்லை. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு மாலைகள் போயின. கண்டுபிடித்து, படிவத்தைத் திருத்தி, இனி இப்படி நடந்தால் உடனே தெரியவேண்டும் என்று, ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு பிரதி சென்டரின் மெயில் பெட்டிக்கும் வரும்படி செய்தாள்.

பெட்டியில் முதல் பிரதி வந்து விழுந்தபோது அவளுக்கு இன்னொன்று தோன்றியது. மஞ்சுஷாவின் பத்துத் தளங்களிலும் படிவம் உண்டு. எல்லாம் அதே பழைய ஆட்கள் எழுதியவை. மஞ்சுஷா ஒரே மாலையில் மாற்றியவை. வெள்ளைத் தாளாக நின்றவற்றை மட்டும்தான் அவள் சரிசெய்தாள். இந்தக் கோளாறில் தளம் நிற்காது, சிரித்துக்கொண்டே வெறும் கோடுகளை அனுப்பும்.

நல்ல சினேகிதி என்றால் திரும்பி, "மஞ்சு, உன் படிவத்தை ஒருதடவை பாரு," என்று சொல்லவேண்டும். மஞ்சுஷா இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். பாக்கியலக்ஷ்மி சொல்லவில்லை. முதலில் நிச்சயப்படுத்திக்கொள்வோம் என்று தனக்குத்தானே ஒரு காரணம் கொடுத்துக்கொண்டாள். காரணம் ஒழுங்காகத்தான் இருந்தது, அவளுடைய காரணங்கள் எப்போதும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

மஞ்சுஷாவின் பத்தில் முதலாவது, கமலாக்ஷி சேச்சியின் தளம். அரண்மனைப் பக்கம் தன் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறவள் கமலாக்ஷி சேச்சி. பாக்கியலக்ஷ்மி அந்தப் படிவத்தைத் திறந்தாள். எதையும் அரைகுறையாகச் சோதிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. பெயர் என்ற இடத்தில் கைக்கு வந்த முதல் பெயரை எழுதினாள்: செல்லதுரை. ஊர்: கோயம்புத்தூர். நான்கு பேர். வருகிற நாள்: அடுத்த புதன். ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பவேண்டுமா என்றதற்கு ஆம். எந்த ஸ்டேஷன் என்ற பட்டியலில் முதலில் இருந்தது ஊருக்கு வெளியே வெகுதூரத்து ஆலுவா, அதையே தேர்ந்தாள். போனுக்கும் மெயிலுக்கும் மனம்போன எண்ணும் எழுத்தும். கடைசியில் குறிப்பு எழுதும் பெட்டி. நீளமாக எழுதினால்தான் அது தாங்குகிறதா என்று தெரியும். வெங்காயம் பூண்டு சேர்க்காத சாப்பாடு வேண்டும் என்று எழுதினாள். ஆங்கிலத்தில் மேலே தொங்கும் ஒற்றைக் குறி வந்தால் சில படிவங்கள் உடைந்துபோகும். அந்தக் குறி வருவதற்காகவே, baby's cot, குழந்தையின் தொட்டில் ஒன்றும் வேண்டும் என்று சேர்த்தாள். அனுப்பினாள். படிவம் நன்றி என்றது.

பிறகு சென்டரின் மெயில் பெட்டியைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் பார்த்தாள். இல்லை.

வெறும் கோடுகூட வரவில்லை! தன் தளத்தைவிட மோசம்!

அந்தச் சந்தோஷத்தில், சென்டருக்குப் பிரதி வருவது தன் தளங்களில் மட்டும்தான், அதுவும் தானே நேற்று வைத்ததுதான் என்பது அவளுக்கு நினைவு வரவே இல்லை. எதையும் மூன்று முறை சரிபார்க்கிறவள் இதை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை. சில முடிவுகள் அவ்வளவு இனிப்பாக இருக்கும்.

அதன்பின் வந்த நாட்களில் அவள் வேலை நன்றாக ஓடியது. ஐஸ் கம்பெனியில் செல்லதுரை அண்ணாச்சி கத்தியதுகூட எங்கோ தூரத்தில் கேட்டது. மஞ்சுஷா சிரிக்கும்போதெல்லாம், சிரி சிரி, கமலாக்ஷி சேச்சி ஒருநாள் ஏன் விசாரணையே வரவில்லை என்று கேட்டுப் படியேறி வருவாள் அல்லவா, அன்றைக்குப் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டாள். மசாலாக் கடை வெங்கிடராமன் சார் சென்டருக்கு அச்சு முறுக்கு மாதிரியான அச்சப்பம் கொண்டுவந்து, அதை மஞ்சுஷாவின் கையில் கொடுத்தார். தளத்தைச் சரிசெய்தவள் பாக்கியலக்ஷ்மி. ஆனால் அச்சப்பம் என்றால் அது மஞ்சுஷாவின் கைக்குத்தான் போகும் என்பதுபோல் அவர் யோசிக்காமல் நீட்டினார். மஞ்சுஷா அதில் பாதியைப் பிரித்து பாக்கியலக்ஷ்மியின் மேசையில் வைத்தாள். பாக்கியலக்ஷ்மி வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். தான் ஒன்றுகூடத் தின்னவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மாலை கமலாக்ஷி சேச்சி வந்தாள்.

மரப்படிகள் அதிர ஏறிவந்து, மூச்சு வாங்க நின்று, கையிலிருந்த தாளை சாரின் மேசைமேல் வைத்தாள். தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவள். கோபம் வந்தால் இரண்டு பாஷையும் சேர்ந்தே வரும்.

"சாரே, எவிடே என் விருந்துகாரங்க?"

"எந்த விருந்துகாரா?"

"கோயம்புத்தூர்க்காரங்க! நாலு பேர்! நேத்து நாள் முழுக்கக் காத்திருந்தேன். ஆலுவாக்கு வண்டி விட்டேன் சாரே, ஆலுவாக்கு! வண்டிக்காரன் பேரெழுதின அட்டையப் புடிச்சு மூணு டிரெயின் பாத்து நின்னான். வெங்காயமில்லாம, பூண்டில்லாம அவியல் வெச்சு, ஓலன் வெச்சு... வீட்டுல ஒருத்தனும் தொடல. மருந்து மாதிரி இருக்குன்னாங்க."

லேபில் யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்கண்டா! குழந்தைக்குத் தொட்டில் கேட்டிருந்தாங்க. நான் எங்க போவேன்? இவளோட அக்கா சுமா கிட்டக் கெஞ்சி," என்று மஞ்சுஷாவைக் காட்டினாள், "சுள்ளிக்கல்லேர்ந்து தேக்குத் தொட்டில் வாங்கி வந்து, தொடச்சு, புதுத் துணி விரிச்சு வெச்சிருக்கேன். வேற ரெண்டு பேர் ரூம் கேட்டாங்க, இல்லேன்னுட்டேன். பதில் மெயில் போட்டா திரும்பி வருது. போன் பண்ணினா அப்படி ஒரு நம்பரே இல்ல. பேய்க்கா சாரே நான் தொட்டில் கட்டினது?"

அந்தத் தாளைப் பாக்கியலக்ஷ்மி பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. பெயர், ஊர், நாள், ஆலுவா, தொட்டிலுக்கு மேல் தொங்கும் அந்தக் குறி, எல்லாம் ஒன்றுவிடாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. மஞ்சுஷாவின் படிவத்தில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு இருந்திருந்தால் இந்தச் சேச்சிக்கு ஒரு நஷ்டமும் வந்திருக்காது. மஞ்சுஷா வேலையைச் சரியாகச் செய்ததால்தான் இத்தனையும்.

அந்த நேரத்திலும் அவள் மனதில் முதலில் எழுந்தது பயமில்லை. எப்படிச் செய்தாள் என்ற எரிச்சல்தான். தனக்கு இரண்டு மாலை பிடித்ததை, எப்போது, யார் கண்ணிலும் படாமல்?

சார் தாளைப் படித்தார். முகம் மாறியது.

"மஞ்சுஷா, இங்கே வா. நாலுல இருந்தவரைக்கும் இந்தச் சைட்டுல இப்படி ஒண்ணும் வந்ததில்லை. நீ அஞ்சுக்கு மாத்தின அப்பறமாக்கும் இது. பழைய ஆளோட விவரத்தையெல்லாம் கலந்து குழப்பி அனுப்பறதோ என்னமோ. ஒரே நாள்ல பத்தையும் மாத்தினப்பவே நான் கேட்டிருக்கணும். இவளைப் பாரு, ஒண்ணொண்ணா வெச்சுப் பாத்துண்டு இருக்கா." சார் திரும்பினார். "பாக்கியலக்ஷ்மி, அவளோட பத்தையும் நீ எடுத்துக்கோ. மொதல்ல எல்லாத்தையும் நாலுக்கே திருப்பிடு."

எத்தனை நாள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. இவளைப் பாரு. கேட்டதும் அவளுக்குள் ஒன்றும் இனிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நொடி இனித்தது.

மஞ்சுஷா தாளை எடுத்துப் படித்தாள். பெயர் இருந்த வரியில் அவள் கண் நின்றது. பிறகு நிமிர்ந்து பாக்கியலக்ஷ்மியைப் பார்த்தாள். கேள்வி இல்லாத பார்வை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சாரே," என்றாள் மஞ்சுஷா, தாளை மடித்தபடி. "இது நான்தான். படிவம் ஓடுதான்னு பாக்க டெஸ்ட் பண்ணினேன். அழிக்கச் சொல்லி சேச்சியை விளிக்க மறந்துட்டேன். கலக்கல் ஒண்ணும் இல்ல. நாலுக்குத் திருப்ப வேண்டா, எல்லாம் ஓடுது."

"நீயா? அட அசடே!"

"சேச்சி, க்ஷமிக்கணும். நான் வந்து அந்த அவியலத் தின்னுடறேன்."

கமலாக்ஷி சேச்சியின் கோபம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது. "இனி எங்க இருக்கு அவியல்? கோழிக்குப் போட்டாச்சு," என்றவள், "உன்னை ஒரு நாள் அடிக்கப்போறேன் மோளே," என்று மஞ்சுஷாவின் தோளில் செல்லமாக ஒன்று வைத்துவிட்டுப் படியிறங்கினாள். தான் மன்னிப்புக் கேட்டிருந்தால் அந்த அடி செல்லமாக விழுந்திருக்குமா என்று பாக்கியலக்ஷ்மி நினைத்தாள்.

சாரின் கோபம் மட்டும் இறங்கவில்லை. "கஸ்டமர் கம்ப்ளெய்ண்ட் கம்ப்ளெய்ண்ட்தான். சொன்ன வார்த்தை சொன்னதாக்கும். சர்வர் பாக்கியலக்ஷ்மிக்கு," என்றுவிட்டு உள்ளறைக்குப் போனார்.

மஞ்சுஷா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பாக்கியலக்ஷ்மி பின்னாலேயே ஓடி, சுக்கு மூட்டைகளுக்கு நடுவில் அவளைப் பிடித்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"உன் செல்லதுரை அண்ணாச்சி தொட்டில்ல படுப்பாரா?" மஞ்சுஷா சிரித்தாள். "மீசையோட, பீடி வலிச்சுட்டு. எனக்கு மேலயே சிரிப்பு வந்துருச்சு, எப்படியோ அடக்கினேன்."

"விளையாடாத. ஏன் சொன்னே?"

"பின்னே உன்னையா சொல்றது? சாரமில்ல போ, பரவால்ல. எனக்கு இது போனா வேற ஒண்ணு வரும். எர்ணாகுளத்துல மாமா ஒரு ஆபீஸ் சொல்லியிருக்கார். உனக்கு இது வேணும். உன் மூஞ்சில எழுதியிருக்கு."

"அந்தப் படிவம்... நீ எப்போ சரி பண்ணே?"

"எது? ஓ, அந்தப் பேர் கேட்டு வாங்கறதா? மாத்தின அன்னைக்கே. பத்துக்கும் பொதுவா ஒரு கோப்பு எழுதி மேல ஒட்டிட்டேன். அஞ்சு நிமிஷம். ஏன், உன்னுதுல வரலையா? என்கிட்டக் கேட்டிருக்கலாமே."

மஞ்சுஷா போய்விட்டாள். தெருவில் யாரையோ பார்த்து அவள் குரல் எழுப்புவதும் அவர்கள் பதிலுக்குச் சிரிப்பதும் கேட்டது.

பாக்கியலக்ஷ்மி அங்கேயே நின்றாள். நன்றி வரவேண்டிய இடத்தில் அவளுக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது. கை ஓட்டம் அவளுடையது. மலையாளம் அவளுடையது. அச்சப்பம் அவளுடையது. இப்போது பெருந்தன்மையும் அவளுடையதாகிவிட்டது. அச்சப்பத்தில் பாதியைப் பிட்டு வைத்த மாதிரி இந்த வேலையைப் பிட்டு வைத்துவிட்டுப் போகிறாள். நாளைக்கு அந்தச் சர்வரின் முன்னால் உட்கார்ந்தால், ஒவ்வொரு நாளும் அது மஞ்சுஷா கொடுத்த நாற்காலி. அதை மஞ்சுஷா ஒருநாளும் சொல்லிக்காட்டவும் மாட்டாள். அதுதான் தாங்காது.

'இதையும் உனக்கு விட்டுத்தர மாட்டேன்' என்று நினைத்துக்கொண்டே அவள் படியேறினாள்.

சார் உள்ளறையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த டெஸ்ட் மஞ்சுஷா பண்ணல. நான் பண்ணினேன்."

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "அவளோட சைட்டை நீ எதுக்குத் தொடணும்?"

"படிவம் ஓடுதான்னு பாக்க."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?"

"கேட்டா அவ சரி பண்ணிருவா சார்."

சாருக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் அவர் குரல் தணிந்தது. தணிந்த குரல் திட்டைவிட மோசமாக இருந்தது.

"அப்போ, தப்பு இருக்கணும்னு பாத்தியாக்கும். இருந்துதோ?"

தான் செய்ததைச் சொல்வது சுலபமாக இருந்தது. இது அப்படி இல்லை.

"இல்ல சார்," என்றாள். பிறகு, முழுதாகச் சொல்லாமல் விட்டால் அது அவள் வேலை ஆகாது என்பதால், முழுதாகவே சொன்னாள். "அவ எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணியிருக்கா. முதல் நாளே. எனக்கு ரெண்டு நாள் ஆச்சு."

சார் மேசையிலிருந்த சாவிக்கொத்தை இழுப்பறைக்குள் போட்டார். அவளுக்குக் கொடுக்க வெளியே எடுத்து வைத்திருந்தாரோ என்னவோ, அவள் கேட்கவில்லை.

"சர்வர் அவளுக்கு. விஷு கழிஞ்சு. உன்னோட பத்துல பாக்கி எத்தனை?"

"ஆறு சார்."

"அதை முடிச்சுக் கொடு. நன்னாத்தான் பண்றே, அதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா அந்த அம்மா வீட்டுக்கு நீயே போயி நீயே சொல்லணும். நான் போன் பண்ண மாட்டேன்."

"மலையாளத்துலயா சார்?"

"உனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்லு. தொட்டிலும் அங்கேதான் கெடக்காம்."

தோப்பும்படி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மறுநாள் பெரிய வெள்ளி. படகுகள் போகாது, ஐஸ் கம்பெனி மூடியிருக்கும், செல்லதுரை அண்ணாச்சி கத்தமாட்டார். சுள்ளிக்கல் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது, மஞ்சுஷாவின் வீட்டுத் தெருமுனை விளக்கு எரிவது தெரிந்தது. பாக்கியலக்ஷ்மி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

வீட்டில் அம்மா சீனியம்மாள் சோறு போட்டுவைத்துவிட்டு, "ஏட்டி, வேலை என்னாச்சு?" என்று கேட்டாள்.

"அவளுக்குக் கிடைச்சிருச்சும்மா."

"போட்டும். உனக்கு அந்த அச்சப்பத்துல ரெண்டு எடுத்துவெச்சேன், திங்கறியா?"

தின்றாள். நன்றாகத்தான் இருந்தது.

20-3-2008, வியாழன். இன்றைய தவறு: சென்டருக்குப் பிரதி வருவது என் தளங்களில் மட்டும்தான் என்பதைச் சரிபார்க்காமல், கமலாக்ஷி சேச்சியின் படிவம் ஓடவில்லை என்று முடிவு செய்தேன். தவறு அது மட்டுமில்லை. சாரிடம் சொல்லிவிட்டேன். மஞ்சுஷாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுடைய பொதுக் கோப்பு நல்ல யோசனை. என் பாக்கி ஆறு தளங்களுக்கும் அதையே போடலாம், ஆனால் அவளிடம் கேட்கவேண்டும். நாளைய வேலை: காலையில் கமலாக்ஷி சேச்சி வீட்டுக்குப் போய்ச் செய்தது நான் என்று சொல்வது. தொட்டிலை வாங்கி, துணியை மடித்துச் சேச்சியிடம் கொடுத்துவிட்டு, ஆட்டோவில் ஏற்றிச் சுள்ளிக்கல் கொண்டுபோய் சுமா அக்காவிடம் சேர்ப்பது. மஞ்சுஷா வீட்டில் இருப்பாள்.